கல்மாளிகைப் பலகையின் பின்பக்க அம்பு

அனுப்புநர்:
தையல்காரி,
நாற்சந்தியை ஒட்டிய ஓட்டு வீடு,
கல்மாளிகைச் சாலை.
(தபால்காரருக்கு இவ்வளவு எழுதினாலே போதும்.)

பெறுநர்:
உயர்திரு மாவட்டச் சுற்றுலா அலுவலர் அவர்கள்,
மாவட்டச் சுற்றுலா அலுவலகம்.

பொருள்: கல்மாளிகை நாற்சந்தியில் உள்ள வழிகாட்டிப் பலகையின் பின்பக்க அம்பு பயணிகளைக் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்துக்கு அனுப்புவது – வரும் 20-ஆம் தேதி விடுமுறை தொடங்கும் முன் அதைத் திருத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது முந்தைய மனுக்கள் மூன்று.
2. தங்கள் அலுவலகத்தின் பதில் கடிதம் ஒன்று, அதன் நகல்கள் இரண்டு.
3. என்னிடம் விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ் ஒன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் நான்காவது மனு. முந்தைய மூன்றையும் சுருக்கமாக எழுதினேன். அதனால்தான் விஷயம் புரியாமல் போயிற்றோ என்று இம்முறை விவரமாக எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று பாதியில் மூடி வைத்துவிட வேண்டாம் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் இருபத்திரண்டு வருடங்களாக அந்த நாற்சந்தியில் தையல் தொழில் செய்கிறேன். மலையிலுள்ள தங்கும் விடுதிகளுக்குத் திரைச்சீலை, மெத்தை உறை, தலையணை உறை தைத்துக் கொடுப்பதே என் பிழைப்பு. வீட்டுக்குள் வெளிச்சம் போதாததால் மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே தங்கள் துறையின் பலகை. ஆகவே நான் எழுதுவதில் பெரும்பாலானவை கண்ணால் கண்டவை. காணாததை அப்படியே குறிப்பிட்டிருக்கிறேன்.

2. இடத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சாலை மேலிருந்து இறங்கி வருகிறது. இன்னொன்று கீழிருந்து ஏறி வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பக்கவாட்டில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. மேலிருந்து வருபவருக்கு இடது கைப் பக்கம் கல்மாளிகை, வலது கைப் பக்கம் பழைய கல்குவாரி. கீழிருந்து வருபவருக்கு இது அப்படியே மாறிவிடும். அவருக்கு வலப்பக்கம்தான் கல்மாளிகை. இடப்பக்கம் குவாரி.

3. இரண்டு வருடங்களுக்கு முன் தங்கள் துறை அங்கே ஒரு பலகை நட்டது. பழுப்பு நிறம், வெள்ளை எழுத்து, மூலையில் கல்மாளிகையின் படம். பார்க்க அழகாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். “கல்மாளிகை – 800 மீட்டர்” என்று எழுதி, அதன் கீழ் இடது பக்கம் நோக்கி ஓர் அம்பு. பலகையின் இரண்டு முகத்திலும் ஒரே அச்சு. அதாவது பின்பக்கமும் அம்பு இடது பக்கமே காட்டுகிறது. மேலிருந்து வருபவருக்கு அது சரி. கீழிருந்து வருபவரை அது குவாரிக்கு அனுப்புகிறது.

4. அப்போது பேருந்து நிலையம் மேலே இருந்தது. எல்லோரும் மேலிருந்தே வந்தார்கள், பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. ஏழு மாதங்களுக்கு முன் பேருந்து நிலையத்தைக் கீழே மாற்றினார்கள். அன்று முதல் வருபவர்கள் எல்லோரும் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள்.

5. குவாரிப் பாதையைத் தாங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். லாரி போன பாதை என்பதால் அகலமாக, சமமாக இருக்கும். இருபுறமும் உயர்ந்த ஊசியிலை மரங்கள். கல்மாளிகைப் பாதையைவிட இதுதான் அழகு என்று நானே சொல்வேன். அறுநூறு அடி நடந்ததும் ஒரு பாறையைச் சுற்றி வளைகிறது. வளைந்த இடத்தில் தரை முடிந்துவிடுகிறது. எட்டு ஆள் ஆழம், அடியில் தண்ணீர். முன்பு முள்கம்பி வேலி இருந்தது. இப்போது இரண்டு கல்தூண் மட்டும் நிற்கிறது.

6. முதலில் அங்கே போய்த் திரும்பியவர்கள் புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி. “அக்கா, மாளிகை எங்கக்கா? அங்க பெரிய பள்ளம்தான் இருக்கு!” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் நாளாக இருந்ததால் அவர்களுக்குப் பள்ளம் தெரிந்தது. எங்கள் மலையில் வெயில் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

7. அன்று முதல் எனக்கு மிஷினில் கை ஓடுவதில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் பெடலை நிறுத்திவிட்டு, “இடது பக்கம் போகாதீங்க, வலது பக்கம் போங்க!” என்று கத்துகிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். பாதிப் பேர் நான் ஏதோ விடுதிக்கு ஆள் பிடிப்பதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு பெரியவர், “கவர்ன்மென்ட் போர்டு பொய் சொல்லுமாம்மா?” என்று கேட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது? அவர் கையைப் பிடித்து இழுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. சென்ற ஞாயிறு மட்டும் முப்பத்தெட்டு பேரைத் திருப்பினேன். இந்த லட்சணத்தில் ஒரு விடுதிக்குத் தைத்த திரைச்சீலையில் பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கியது. மேனேஜர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

8. என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். ஜீப் மேல் சாலை வழியாக வந்தது. இறங்கிப் பலகையைப் பார்த்தார். “சரியாத்தானேம்மா இருக்கு? அதோ மாளிகை, அதோ அம்பு” என்றார். “சார், பத்தே பத்து அடி, இந்தப் பக்கம் வந்து பாருங்க” என்று கெஞ்சினேன். அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார். “அம்புக்குறி சரியான திசையிலேயே உள்ளது என ஆய்வில் உறுதி செய்யப்பட்டது” என்று பதினைந்து நாளில் கடிதம் வந்தது. அது பொய்யில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம். இரண்டாவது, மூன்றாவது மனுக்களுக்கும் இதே கடிதத்தின் நகலே வந்தது.

9. அடுத்து, சென்ற மாதம் 14-ஆம் தேதி நடந்ததை எழுதுகிறேன். அன்று கண் பரிசோதனைக்காகக் கீழே போயிருந்தேன். காவலுக்கு என் வீட்டுக்காரர். அவர் ஒரு விடுதியில் வெந்நீர் போடுபவர், முழங்கால் வலிக்காரர். விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள் என்று போனை எடுக்க உள்ளே போயிருக்கிறார். இரண்டு நிமிடம் என்கிறார். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு குடும்பம் இடது பக்கம் போய்விட்டது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். இரண்டு கை தூரத்தில் நிற்பவர் முகம் தெரியாத பனி.

10. நான் பேருந்தில் வந்து இறங்கி நாற்சந்திக்கு ஏறியபோது அந்த அம்மாள் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு குழந்தைகளையும் இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். “இதைப் பாத்துத்தானே போனோம்? இதுலதானே போட்டிருக்கு?” என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கணவர், தபால் அலுவலக ஊழியர், குழந்தைகளுக்கு முன்னால் நடந்தவர், பாறை வளைவில் காணாமல் போயிருந்தார். ஓடினேன். என் வீட்டுக்காரர் பள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து, “கால் அசையல... ஆனா இருக்கேன்” என்று பதில் வந்தது.

11. இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு கல்திட்டு இருந்தது. அவர் அதில் விழுந்திருந்தார். ஒரு வேரைப் பிடித்திருந்தார். எங்களிடம் கயிறு இல்லை. தீயணைப்பு வண்டி மலையேற ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். விடுதி ஒன்றுக்குத் தைத்து வைத்திருந்த கனமான திரைச்சீலைகள் பன்னிரண்டையும் வீட்டிலிருந்து தூக்கி வந்தேன். மடித்துத் தைத்த ஓரம்தான் இழுவை தாங்கும், மற்ற பக்கம் கிழியும். ஆகவே எந்தப் பக்கம் முறுக்க வேண்டும், எங்கே முடிச்சுப் போட வேண்டும் என்று நானே பார்த்துக் கட்டினேன். என் வீட்டுக்காரர், ஒரு டாக்சி டிரைவர், விடுதிச் சமையல்காரர், அந்த அம்மாள், நான் என ஐந்து பேர் இழுத்தோம். அவர் மேலே வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. மூத்த பெண் குழந்தை அப்பாவைப் பார்த்ததும் அழவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது. அதற்கு அப்போது அதுதான் செய்யத் தெரிந்தது.

12. இந்த நிகழ்வு குறித்த தங்கள் துறை அறிக்கையில் “பயணியின் கவனக்குறைவு” என்று எழுதப்பட்டிருப்பதாகத் தபால் ஊழியரின் மனைவி போனில் சொன்னார். நான் அந்த அறிக்கையைப் பார்க்கவில்லை. “அக்கா, அவர் எதையும் ரெண்டு தடவ படிச்சிட்டுத்தான் செய்வார். அதான் அவருக்கு மனசு ஆறல” என்றார். போர்டைப் படித்து, போர்டு சொன்ன வழியில் நடந்தவரைக் கவனமில்லாதவர் என்று எழுதுவது நியாயமா என்று தாங்களே சொல்ல வேண்டும்.

13. அதன்பின் நான் செய்ததை மறைக்கவில்லை. மறுநாளே ஸ்டூல் போட்டு ஏறி, பின்பக்க அம்பின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். ஒன்பது நாள் நிம்மதியாகத் தைத்தேன். பத்தாம் நாள் இரண்டு ஊழியர்கள் வந்து பெயின்டைத் துடைத்து, அம்பை முன்பைவிடப் பளிச்சென்று, வண்டி வெளிச்சத்தில் மின்னும்படி வரைந்துவிட்டுப் போனார்கள். எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்று அவர்களிடம் சொன்னேன். “எங்களுக்கு ஏற்கனவே இருந்த மாதிரி வரையத்தான் உத்தரவு” என்றார்கள். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்தது. பிறகு மிச்சத் துணியில் எழுத்து வெட்டித் தைத்து, “கல்மாளிகைக்கு வலது பக்கம்” என்று என் ஜன்னலுக்குக் கீழே தொங்கவிட்டேன். அனுமதியில்லாத விளம்பரம் என்று அதையும் எடுத்துப் போனார்கள்.

14. இப்போது இந்த மனுவின் அவசரத்துக்கு வருகிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. ஊசியில் நூல் கோக்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சில நாட்களாக ஜன்னல் வழியே பார்க்கும்போது, தெரிவது மூடுபனியா என் கண்ணா என்று எனக்கே தெரிவதில்லை. போன வாரம் யாரோ நடந்து போகிறார்கள் என்று கத்தினேன். அது மேயப்போன மாடு. இன்னொரு முறை மாடு என்று நினைத்துச் சும்மா இருந்தேன், வந்தது ஆட்கள். நல்லவேளை, அவர்கள் தண்ணீர் கேட்டு என் வாசலுக்கே வந்தார்கள்.

15. அறுவை சிகிச்சையை இதுவரை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். “இன்னும் தள்ளிப்போட்டா புரை முத்திடும்மா, அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். 18-ஆம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். அதன்பின் ஒரு வாரத்துக்கு ஜன்னலோரம் உட்காரக்கூடாது, காற்றும் தூசியும் படக்கூடாது. 20-ஆம் தேதி நான்கு நாள் விடுமுறை தொடங்குகிறது. விடுதிகள் எல்லாம் நிரம்பிவிட்டதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். நிரம்பினால் அவர் முழு நாளும் வெந்நீர் அடுப்பின் முன்னால்தான் நிற்க வேண்டும். நாற்சந்தியில் ஆள் இருக்க மாட்டார்கள். அம்பு மட்டும்தான் இருக்கும்.

16. ஆகவே நான் பணிவுடன் வேண்டுவது:

(அ) பலகையின் பின்பக்க அம்பை வலது பக்கம் நோக்கித் திருத்த வேண்டும். முன்பக்க அம்பைத் தொட வேண்டாம், அது சரியாக இருக்கிறது. இதைத் தெளிவாக எழுத்தில் உத்தரவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் மாற்றிவிடுவார்கள்.

(ஆ) குவாரிப் பாதையின் வாயிலில் வேலி போட வேண்டும். அதுவரை ஒரு காவலரையாவது நிறுத்த வேண்டும்.

(இ) தபால் அலுவலக ஊழியர் பற்றிய அறிக்கையிலிருந்து “கவனக்குறைவு” என்ற சொல்லை நீக்க வேண்டும்.

(ஈ) ஆய்வுக்கு வருபவர் ஜீப்பைக் கீழே பேருந்து நிலையத்தில் நிறுத்திவிட்டு, பயணிகளைப் போல நடந்து ஏறி வர வேண்டும்.

என்மேல் உள்ள நோட்டீஸை ரத்து செய்யும்படி நான் கேட்கவில்லை. பெயின்ட் அடித்தது நான்தான். 18-ஆம் தேதிக்குள் அம்பு திரும்பவில்லையென்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மறுபடியும் அடிப்பேன் என்பதையும் முன்கூட்டியே தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். இது மிரட்டல் அல்ல. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தங்கள் நடவடிக்கைக்காகப் பதற்றத்துடன் காத்திருக்கும்,

(கையொப்பம்)
தையல்காரி

இடம்: கல்மாளிகை நாற்சந்தி
நாள்: 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

பி.கு.: இந்தப் பின்குறிப்பை மட்டும் தங்கள் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். தங்களை நேரில் பார்க்க டோக்கன் வாங்கினேன். என் எண் அறுபத்து நான்கு. இப்போதுதான் பத்தொன்பதைக் கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், மலை தெரிகிறதா என்று கேட்டேன். “இல்லக்கா, முழுசா மூடிடுச்சு” என்றாள். அப்படியானால் அது என் கண் இல்லை, பனிதான். நாற்சந்தியில் கத்த இப்போது ஆள் இல்லை. பதினொன்றரை பஸ் கிளம்பப் போகிறது. மனுவையும் டோக்கனையும் பியூனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். என் எண்ணைக் கூப்பிடும்போது நான் இங்கே இருக்க மாட்டேன்.