மீன் சாகாத தொட்டி

மார்ச் 4

மீன்கள் சாகவில்லை. நான்கு நாள் சோதனை முடிந்தது, இருபதும் நீந்திக்கொண்டிருக்கின்றன. படகின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் பழைய ரசாயனம் மீனையும் சேர்த்துக் கொன்றது. மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அதற்கு மாற்றாக ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். டப்பாவில், மீனுக்குக் கேடில்லை என்று பச்சை இலைச் சின்னம் போடப் போகிறார்களாம். மேலாளர் கேக் வாங்கினார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 6

ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் அக்கா சோதனைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எத்தன தடவ தேய்ச்சாலும் வழவழப்பு போகல. என்ன எழவ ஊத்துனீங்க?"

விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடித் தொட்டி விரிசல் விட்டதால் பிளாஸ்டிக்கே போதும் என்று சொன்னவள் நான். ரசாயனம் தண்ணீரில் தங்காமல் பிளாஸ்டிக்கில் போய் அப்பிக்கொண்டிருக்கிறது. மீன்கள் அதைச் சந்திக்கவே இல்லை. தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி அந்த நாட்களில் பழுது. ஊற்றிய அளவையே இருக்கும் அளவாக எழுதி வைத்தேன். இதில் இருபது வருட அனுபவம் வேறு. த்தூ.

மார்ச் 12

புதுக் கண்ணாடித் தொட்டி. கருவியைச் சரிசெய்து தினமும் அளந்தேன். இரண்டாம் நாளே இருபதில் பதினேழு செத்து மிதந்தன.

மார்ச் 13

புது முடிவைக் காட்டினேன். மேலாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மொத சோதனையில மீன் பொழச்சுதுல்ல? அதோட விடுங்க. கடல்ல எவன் கண்ணாடித் தொட்டி வெச்சிருக்கான்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முழுப் பூசணிக்காயை மறைக்க மற்றவர்களுக்குச் சோறாவது வேண்டும். இவருக்கு ஒரு பச்சை இலை போதும். ஆனால் ஒரு நிமிடம், சரி என்று தலையாட்டிவிடலாமா என்று எனக்கும் தோன்றியதே — அதை எங்கே போய்க் கழுவ?

மார்ச் 14

கணவரிடம் சொன்னேன். "வேலை போயிடுமே" என்றார். அப்புறம், "அந்தப் பூச்சை யாராவது வாங்கிட்டாங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

மார்ச் 19

மேலாளர் பழைய அறிக்கையையே அனுமதிக்கு அனுப்பிவிட்டார். அடியில் என் கையெழுத்து. அந்த ஆள் திருடவில்லை, எதையும் திருத்தவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பியிருக்கிறான். யாரைத் திட்டுவது? சீ, என்ன பிழைப்பு இது.

மார்ச் 24

ரசாயன அனுமதி அலுவலகம். இரண்டாவது சோதனையின் தாள்களைப் புகாரோடு கொடுத்தேன். எழுத்தர் படிவத்தைப் புரட்டினார். "தப்பா சோதனை பண்ணவங்க பேரு எழுதலையே?"

எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். என் அடையாள அட்டையைப் படித்தார். திரும்பவும் படிவத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பேரா இருக்கேம்மா."

"ஆமா, நான்தான்" என்றேன்.

புகாரின் மேல் முத்திரையைக் குத்தினார்.