மூலைகளில் வெளிச்சம்

அக்கா,

இன்று காலை உன் மீன்தொட்டியின் விளக்குகளைக் கழற்றப் போனேன். விடுதியை வேறு ஆளுக்கு விடுகிறோம். அவருக்கு மீன்தொட்டி வேண்டாமாம். கழற்றும் முன் எரிகிறதா பார்ப்போம் என்று ஸ்விட்சைப் போட்டேன். விளக்கின் மேல் படிந்திருந்த தூசி சூடேறிக் கருகும் அந்தப் பழைய வாசனை வந்தது. கையிலிருந்ததை வைத்துவிட்டு உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூற்றெட்டில் ஆசிரமத்துப் பக்கம் நீ விடுதி தொடங்கியபோது கூடத்தில் ஆறடித் தொட்டி வைத்தாய். மீனைவிடச் செடிதான் உனக்கு முக்கியம். தண்ணீருக்குள் ஒரு தோட்டம் வேண்டும் என்றாய். எலக்ட்ரீஷியன் தம்பி நான் இருக்கும்போது வேறு யார் விளக்குப் போடுவது? நாலடி டியூப் லைட் ஒன்றை நடுவில் மாட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன்.

"ரெண்டு மூலையும் இருட்டா கீதுடா. அங்க இருக்கற செடிலாம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாய்.

ஆறடித் தொட்டிக்கு நாலடி விளக்கு எப்படிப் போதும்? அசடு வழிந்தபடி இன்னொன்று வாங்கிவந்து, ஒன்றை இடது ஓரத்துக்கும் மற்றதை வலது ஓரத்துக்கும் தள்ளி மாட்டினேன். செடிகள் மூலைவரை செழித்தன. காபி குடிக்க வரும் வெள்ளைக்காரர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலைந்து வருஷம் கழித்து மறுபடியும் ஆரம்பித்தாய். "மூலை இருட்டா கீதுடா." டியூபை மாற்றினேன். "இன்னும் கம்மியாத்தான் தெரியுது." விளக்கைத் தாழ்த்தினேன், முன்பக்கம் சாய்த்தேன், மூன்றாவதும் நான்காவதும் போட்டேன். வெளிச்சம் ஜாஸ்தியாகிக் கண்ணாடி, இலை எல்லாம் பாசி பிடித்துவிட்டது. அப்போதும் நீ மூலை மூலை என்றாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தங்க வந்தவர்கள் எதிரிலேயே, "உனக்கு சூரியனையே கொண்டாந்து மாட்டினாலும் பத்தாது. குறை சொல்றதே உன் பொழப்பாப் போச்சு!" என்று கத்தினேன்.

பாசியைப் போக்க மறுபடி இரண்டு விளக்காகக் குறைத்தேன். "இப்ப எப்படி கீது?" என்று முறைப்பாகக் கேட்டேன். "நல்லா கீதுப்பா" என்றாய். அதன் பிறகு ஒரு நாளும் நீ மூலையைப் பற்றிப் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கதவில் தோளை இடித்துக்கொண்டாய். பக்கத்தில் நிற்பவரைக் கவனிக்காமல் அவர் மேல் காபியைக் கொட்டினாய். "புத்தி எங்க மேயப் போயிருக்கு?" என்று கேலி செய்தேன், நீயும் சிரித்தாய். ஒன்றரை வருஷம் கழித்து, மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, உன் ஓரப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது.

"ஓரம் இருட்டா தெரியுதுன்னு தோணினப்பவே வந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காதுங்க. போனது இனிமே வராது" என்றார் டாக்டர்.

நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் லைட்டுன்னுதான்டா நெனச்சேன்" என்றாய். அந்தக் கருணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதமே, செங்கம் ரோட்டைத் தாண்டும்போது பக்கவாட்டில் வந்த வேன் உன் கண்ணில் படவில்லை.

இப்போதெல்லாம் யார் வீட்டிலாவது வெளிச்சம் கம்மி என்றால், விளக்கைத் தொடும் முன் "கண்ணைக் காட்டினீங்களா?" என்று கேட்கிறேன். கிறுக்கு என்கிறார்கள். சொல்லட்டும். அதனால் உனக்கு இனி என்ன ஆகப்போகிறது?

தொட்டியில் தண்ணீர் இல்லை, செடி இல்லை. உன் நாற்காலியிலிருந்து பார்க்கிறேன். இரண்டே விளக்குதான் எரிகிறது; மூலையில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது. அத்தனை வருஷமும் ஸ்டூல் மேல் ஏறி நின்று விளக்கைத்தான் பார்த்தேன் அக்கா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன் இடத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும், மூலையில் இருட்டே இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.