இரண்டு மணிச் சங்கு

7-4-86, திங்கள். திண்டிவனம்

பாப்பா குப்புற விழப் பார்க்கிறாள். முடியவில்லை. முடியாத கோபத்தில் என்னை முறைக்கிறாள். கோபத்தில் அப்படியே என் ஜாடையாம், அவள் அம்மா காந்திமதி சொல்கிறாள்.

காலையில் மறுபடியும் கரண்ட் போய்விட்டது. மில்லில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உடைக்கிற மெஷின்கள் சும்மா கிடந்தன. பருப்பு பொறுக்க வந்த பெண்கள் பொறுக்கப் பருப்பில்லாமல் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மத்தியானம் முதலாளி தாண்டவராயன் விழுப்புரத்திலிருந்து வந்தார். நேரே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டார். சட்டையை நனைத்துவிட்டாள். சிரித்தார். அந்தச் சிரிப்போடேதான் சொன்னார்: "ஒரு மணி சங்க ஒழுங்கா ஊது, பாண்டு. ரெண்டு மணி சங்க மட்டும் கால் மணி முன்னால ஊதிடு. கரண்ட்ல போறத இதுல புடிச்சிக்கலாம். சீசன் முடியற வரைக்கும்தான். யாரு கையில வாச்சி கட்டிக்கினு இருக்காங்க?"

யாரும் இல்லை. மேனேஜர் பாண்டுரங்கன் கையில் மட்டும் இருக்கிறது. மாமனார் போட்ட வாட்ச்.

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

8-4-86

ஊதினேன்.

10-4-86, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் கேட் பக்கம் நான் அதிகம் போவதில்லை. அங்கே வேப்பமரத்தடியில் பெண்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்கள். ஒரு மணிச் சங்கு கேட்டதும் வீட்டிலிருப்பவர்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டு மணிச் சங்குக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மில் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

சங்கு சுவிட்ச் என் அறையில் இருக்கிறது. இன்று போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பருப்பு பொறுக்குகிற பொன்னி எழுந்துவிட்டாள். அவள் பிள்ளை விடவில்லை. விரலைக் கொடுத்து வாயை விலக்கினாள். அது வீறிட்டது. அதைக் கேட்டு இன்னும் இரண்டு.

ஜன்னலைச் சாத்தினேன். வெயில் அடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஜன்னலில் என்றைக்கு வெயில் அடித்தது?

12-4-86

வீட்டில் தமாஷ். இரண்டு மணிச் சங்கு கேட்டதும் காந்திமதி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, பின்னால் போகிறது என்று முள்ளைத் தள்ளி வைத்திருக்கிறாள். மறுநாள் ஒரு மணிச் சங்குக்கு அதே கடிகாரம் முன்னால் ஓடியிருக்கிறது. அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுங்கள் என்கிறாள்.

கொடுக்கலாம் என்றேன். முட்டாளே, எந்தக் கடைக்காரனிடம் கொடுப்பாய்?

14-4-86, வருஷப் பிறப்பு

மில் லீவு. வேப்பம்பூப் பச்சடி. இன்று சங்கு இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

16-4-86, புதன்

மில்லுக்கு எதிரே துரைக்கண்ணு டீக்கடையில் ஒரே வாக்குவாதம். மத்தியானம் ரேடியோவில் இரண்டு மணி சொல்வதற்கு முன்னாலேயே சங்கு ஊதுகிறதே என்று துரைக்கண்ணு கேட்டிருக்கிறான். பருப்பு பொறுக்குகிற கெங்கம்மாள் விடவில்லை. "ஒன் ரேடியோ பழசாயிப் போச்சி. சங்கு எங்கியாவது தப்பா ஊதுமா? போய் பேட்டரிய மாத்து."

அவன் மாற்றிவிட்டான். நான் அங்கேயே நின்று டீ குடித்தேன். இனிப்பே தெரியவில்லை.

18-4-86, வெள்ளி

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டாலும் தூக்கம் வரப்போவதில்லை.

சாயங்காலம் பொன்னி வீட்டுக்கு வந்திருக்கிறாள். காந்திமதியைத் தனியாகக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். காந்திமதிதான் எனக்குச் சொன்னாள். பொன்னி சொன்னது இதுதான்: "முன்னெல்லாம் சங்கு ஊதறதுக்குள்ள நல்லா குடிச்சிட்டு தூங்கிடுவான்கா. இப்ப ஊதினப்புறமும் வாய எடுக்க மாட்டேங்கறான். எனக்குப் பால் வத்திப் போச்சிக்கா."

வானூரில் இருக்கிற அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிடப் போகிறாளாம். பவுடர் பாலில் வளரட்டுமாம். திங்கட்கிழமை சாயங்கால பஸ். காந்திமதி பூண்டு உரித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், பால் ஊறட்டும் என்று.

துரைக்கண்ணு ரேடியோவைச் சந்தேகப்பட்டான். இவள் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள். அந்தப் பெண் தன் மாரையே சந்தேகப்படுகிறாளே! சங்கை மட்டும் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

சொல்லிவிட்டேன். காந்திமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். "அந்தப் பிள்ளைங்க அழறது தினம் இங்க வரைக்கும் கேக்குதுங்க. கேட்டதும் எனக்கு இங்க பால் சுரந்து ரவிக்கையெல்லாம் நனைஞ்சிடுது. ஏன் அழுதுங்கன்னுதான் தெரியாம இருந்துச்சி" என்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முள்ளைத் திருப்பி வைத்தாள்.

20-4-86, ஞாயிறு

விழுப்புரம் போய் முதலாளியைப் பார்த்தேன். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். சாப்பிட்டேன். சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "கரண்ட் இல்லாத நேரத்துக்கும் கூலி குடுத்துக்கினுதானே இருக்கேன். எந்த மில்லுல குடுக்கறான், சொல்லு? அதை ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க?"

உண்மைதான். கொடுக்கிறார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதற்குப் பதில் தேடினேன். திண்டிவனம் வந்த பிறகுதான் தோன்றியது. வேலை நேரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுக் கூட்டலாமே. முடியும், முடியாது என்று அவர்களே சொல்லட்டும். நாங்கள் கேட்கவே இல்லை. எனக்கு எப்போதும் பதில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் வரும்.

21-4-86, திங்கள்

பொன்னி துணி மூட்டையோடு வேலைக்கு வந்தாள். வேலை முடிந்து அப்படியே வானூர் பஸ்.

சங்கைச் சரியாக இரண்டு மணிக்கு ஊதினேன். அது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். இனிமேல் தினமும் சரியாக ஊதினால் யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். என் மானமும் தப்பிக்கும். ஆனால் மூட்டை அங்கேயே இருக்கிறதே! பால் வற்றிவிட்டது என்றுதானே அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்?

பெண்கள் எழுந்திருப்பதற்குள் வேப்பமரத்தடிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எல்லோரும் முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பொன்னி, உனக்குப் பால் வத்தலம்மா. இத்தினி நாளா சங்க நான்தான் முன்னாடியே ஊதிக்கினு இருந்தேன்."

கெங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப துரைக்கண்ணு ரேடியோ சரிதானா?"

யாரும் சிரிக்கவில்லை. பொன்னி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வானூர் பஸ் போனது. பொன்னி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையோடு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

22-4-86

இன்று சங்கு ஊதியும் ஒருவரும் எழவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். துரைக்கண்ணு ரேடியோவைக் கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் எழுந்தார்கள். வலித்தது. வலிக்கட்டும்.

25-4-86, வெள்ளி

முதலாளி வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம்தான் வாடியிருந்தது. "அந்த சங்கு எங்கப்பா வச்சது. ஊரே அத கேட்டுத்தான் ஒல வைக்கும். இன்னிக்கு என் மில் ஆளுங்க டீக்கடைய பாத்துக்கினு நிக்கறாங்க" என்றார். சீசன் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னை வேலையை விட்டு அனுப்புகிறவரைப் பார்த்து எனக்குப் பாவமாக இருக்கிறது! போகும்போது பாப்பா அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். தூக்கவில்லை. கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

30-5-86

சாமான் கட்டியாயிற்று. கடிகாரத்தை மட்டும் காந்திமதி யாரிடமும் கொடுக்கமாட்டாளாம், மடியில் வைத்துக்கொண்டு வருவாளாம்.

3-8-86, ஞாயிறு. விழுப்புரம்

உரக்கடை வேலை பழகிவிட்டது. சம்பளம் குறைவுதான். கடைக்காரர் நல்லவர், குறட்டைதான் அதிகம்.

ஆடிக்குத் துணி எடுக்க வந்த கெங்கம்மாளும் பொன்னியும் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பொன்னியின் பிள்ளை தொடையில் மடிப்பு மடிப்பாக இருக்கிறான். வந்ததும் பாப்பாவின் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் முறைத்தாள். காந்திமதி இரண்டையும் அள்ளிக்கொண்டாள்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன், இப்போது சங்கு சரியாக ஊதுகிறதா என்று.

"ஊதறாங்க சார், சரியாத்தான் ஊதறாங்க" என்றாள் பொன்னி. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நாங்கதான் அதுக்கு எழுந்திரிக்கறதில்ல. புள்ளைங்க வாய எடுத்தப்புறம்தான் எழுந்திரிப்போம். மொத நாளு முதலாளியே வந்து நின்னாரு. பாத்துக்கினே இருந்தாரு. அப்புறம் குடிக்கட்டும்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு."

காந்திமதி காபி கலக்க உள்ளே போனாள். அவர்களுக்கு ஐந்து மணி பஸ். நான் வாட்சைப் பார்க்கவில்லை.