புங்க மரத்துக்கு அப்பால்

பங்குனி, செவ்வாய் இரவு.

இன்று ஏரிக் கால்வாயில் தூர் வாரினோம். புங்க மரம் வரை எங்கள் ஊர்ப் பங்கு; அதற்கு அப்பால் சம்பந்தி ஊர்ப் பங்கு. புங்கம் பூத்ததும் இரண்டு ஊரும் சேர்ந்து வாருவது வழக்கம். ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே எல்லைக்கல் நட்ட பிறகு, இந்த வருடம் அவர்கள் வரவில்லை. சம்பந்தி மட்டும் வந்து கரையில் நின்றார்.

"ஏரி ஆந்திராவுக்குப் பூட்ச்சி, சம்பந்தி. நாங்க மெட்ராஸ்காரங்க. உங்க சர்க்காரையே வாரச் சொல்லுங்க."

"அப்போ தண்ணி மட்டும் எதுக்கு?" என்றேன். நாங்கள் கொண்டுபோன கேழ்வரகுக் களியைத் துன்னாமலே போய்விட்டார். 

"அவங்க பங்கையும் வாரிடலாம் நைனா" என்றான் மகன். கூடாது என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கழுவினேன்.

மழை பெய்தால் தண்ணீர் புங்க மரத்தடியிலேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் முதல் வயலில் நாற்று நடுகிறவள் என் மகள். நான் சொன்னதில் தப்பில்லை. அவள் வந்து, தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டால்…