ஒன்றரை வோல்ட்

வியாழன், இரவு

அண்ணனின் கம்ப்யூட்டர் இரண்டு நாளாகப் பாதி வேலையில் ஹேங் ஆனது. திருப்போரூர் மனை விற்பவருக்கு அவன் நாளை விளம்பர வீடியோ செய்து கொடுக்க வேண்டும். மெமரியின் வேகத்தைக் குறைத்தால் ஹேங் ஆகாது; அதற்கு மனமில்லாமல் அதன் வோல்டேஜை 1.5க்கு ஏற்றினான். மெமரியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 1.35 என்றுதான் இருக்கிறது, அதற்கு மேல் போனால் மெமரி கெட்டுப்போகலாம் என்றேன்.

“நீ இன்னா இன்ஜினீயரா? போய்ப் படி.”

அவன் குளிக்கப் போனபோது 1.35க்கே இறக்கி, வேகத்தையும் ஒரு படி குறைத்துவைத்தேன். வீடியோ நிற்காமல் முடிந்தது.

சாயங்காலம் போனில் தன் நண்பர் குமாரிடம் பெருமையடித்தான். “மச்சான், ஒன்றரை வோல்ட் வெச்சேன், சும்மா பறந்துகினு கீது. நீயும் வெச்சிடு!”

நான் இறக்கிவைத்தது அவனுக்கு இன்னும் தெரியாது. குமார் அண்ணா கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அண்ணன் தூங்கிவிட்டான். குமார் அண்ணா 1.5 வைப்பதற்குள் எழுப்பிச் சொல்லத்தான் வேண்டும்.