ஹென்ரிக் அடித்த ஒன்பது கோல்கள்

ஜனவரி 14, 2024, ஞாயிறு

கூஸ்னியா ஹேண்ட்பால் கிளப்பின் தலைவர் டாரியுஷ் வொலானின் என்பவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பூங்கொத்து. இந்த ஊரில் பூவோடு வரும் ஆண் ஒன்று பெண் கேட்பான், இல்லையென்றால் சம்பளமில்லாத வேலை கேட்பான். எனக்கு நாற்பத்தெட்டு வயது. எது என்று ஊகிக்கச் சிரமப்படவில்லை.

கிளப்புக்கு எழுபத்தைந்து வயதாகிறதாம், வரலாறு எழுதித் தர வேண்டுமாம். என் ஆராய்ச்சி பதின்மூன்றாம் நூற்றாண்டு மடாலயங்கள் வாங்கிய தானிய வரி பற்றியது என்றேன்.

"எல்லாம் வரலாறுதானே, டாக்டரம்மா," என்றார். டைல்ஸ் வியாபாரி. எதையும் சதுர மீட்டரில்தான் பார்ப்பார்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். "புதுப்பிச்ச ஹாலுக்கு உங்க அப்பா ஹென்ரிக் பேரை வைக்கப் போறோம். எழுபத்து நாலுல முதல் டிவிஷனுக்கு ஏறுனோமே, அந்த மேட்ச்ல ஒத்தை ஆளா ஒன்பது கோல். இப்ப இருக்குற பசங்க பத்து மேட்ச் சேர்த்தாலும் வராது."

அம்மா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டு கோணலாக வந்தது.

ஒத்துக்கொண்டேன். ஏன்? மாலிஷ் என்ற எங்கள் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் பார்க்க ஆசை, வேறென்ன. படித்தவர்களுக்கும் அந்த நோய் உண்டு.

ஜனவரி 27

கிளப்பின் ஆவணக் காப்பகம் என்பது கொதிகலன் அறையில் ஒரு அலமாரி. அதன் கைப்பிடி என் கையோடு வந்துவிடும் போலிருந்தது. பந்து நழுவாமலிருக்க விரலில் பூசும் பிசின், எழுபத்தைந்து வருடமாக இந்தக் கட்டடத்தின் எல்லாக் கைப்பிடிகளிலும் சேர்ந்திருக்கிறது. கிளப் சேமித்து வைத்தது அது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் வீரர்கள் எல்லோரும் இரும்பு ஆலையின் சம்பளப் பட்டியலில் வெல்டர்கள். பாதிப் பேர் ஆலையின் வாசலைத் தாண்டியதில்லை. மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா ஒருவர்தான் நிஜமாகவே இரும்பைப் பற்றவைத்தார்.

அந்த மேட்சுக்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. என்னை ஒருமுறைகூட ஹாலுக்கு அழைத்துப்போனதில்லை. மேட்ச் நாட்களில் மாடியில் புறாக்களோடு இருப்பார். புகழ் சலித்துவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன்.

பிப்ரவரி 10

அட்டைப்படம் வந்திருக்கிறது. கழுகு, பந்து, சூரியோதயம். வொலானின் டைல்ஸ் சின்னம் சூரியனைவிடப் பெரியது.

பிப்ரவரி 24

லுட்விக் கோசாவைப் பார்க்கப் போனேன். அந்த எழுபத்து நான்கு அணியில் உயிரோடு இருக்கும் ஒரே ஆள், எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் கிளப்பின் நட்சத்திரம். நடுவரை அறைந்ததற்காக ஃபெடரேஷன் ஒரு வருடம் தடை போட்டது. அதனால் அந்தப் பெரிய மேட்சில் அவர் பெயர் இல்லை.

"அன்னிக்குத்தான் நான் நல்லா ஆடுனேன்," என்றார்.

"நீங்கள்தான் தடையில் இருந்தீர்களே."

"தடை லுட்விக் கோசாவுக்கு. ஹென்ரிக் மாலிஷுக்கு ஏது தடை?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "உனக்குத் தெரியாதா? ஹென்ரிக் மவளே, இது ஊருக்கே தெரிஞ்ச கதையாச்சே."

மெதுவாகச் சொன்னார். வீரர் அட்டையில் இருக்கும் படம் தபால்தலை அளவு, யார் முகம் என்று அதில் தெரியாது. வெளியூர் நடுவர்களுக்கு அட்டை போதும். அப்பாவின் அட்டையோடு லுட்விக் இறங்கினார். இரண்டு ஹென்ரிக் கண்ணில் படக்கூடாதென்று அப்பாவைப் புறாக்கூட்டுக்குள் உட்காரவைத்தார்கள். முந்தின நாளே ஆலையில் ஷிப்டுக்கு ஷிப்ட் வாய்வழியாகச் சொல்லிவிட்டார்களாம்: நாளைக்கு லுட்விக் பந்தைத் தொட்டால் 'ஹென்ரிக்' என்று கத்த வேண்டும்.

"ரெண்டாயிரம் பேரு. ஒருத்தன்கூட வாய் தவறல. மாதா கோயில்லகூட அந்த ஒழுங்கைப் பார்த்ததில்ல."

வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இந்த வயசுல என்ன வருத்தம்." கொஞ்ச நேரம் காபிக் கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "கோல் போட்டுட்டுத் திரும்பி ஓடுறப்ப ஊரே கத்தும் பாரு. காது குடுத்துக் கேட்டா, என் பேரு இல்ல. அது ஒண்ணுதான்."

பிப்ரவரி 25

தூக்கமில்லை. பார்த்தவர்கள் பாதிப் பேர் கல்லறையில், மீதியில் பெரும்பாலோர் பிள்ளைகளோடு ஜெர்மனியில். மிஞ்சியது மேட்ச் அறிக்கை. பாவம் வொலானின், அதைப் படித்தார், நம்பினார். நான் மட்டும் தானிய வரியில் வேறென்ன செய்தேன்?

எழுதினால் அப்பாவுக்கு ஹால் இல்லை. எழுதாவிட்டால் லுட்விக் தான் ஒன்பது கோல் போட்ட ஹாலுக்கு, அப்பாவின் பெயரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அம்மா திறப்பு விழாவுக்கு நீல உடை தைக்கக் கொடுத்திருக்கிறாள் — அவளிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் விட்டால் என்ன? எவனுக்குத் தெரியப்போகுது?

எனக்குத் தெரியும். சனியன்.

மார்ச் 9

சொல்லிவிட்டேன். அம்மா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் நாலாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன்டி, உலா. எனக்குக் கண்ணு தெரியாதா? நானும்தான் ஹென்ரிக், ஹென்ரிக்னு தொண்டை கிழியக் கத்தினேன்."

"தெரிந்துமா கல்யாணம் செய்துகொண்டாய்?"

"ஒன்பது கோலையா கட்டிக்கிட்டேன்? மறுநாள் தெருவுல எல்லாரும் அவரைப் பிடிச்சு முதுகுல தட்டுறாங்க, அவரு கூசிப்போய் நிக்கிறாரு. அதைப் பார்த்துதான் பிடிச்சது."

உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"அந்தப் பேச்சுக்குப் பயந்தே சாகுற வரைக்கும் அந்த ஹால் பக்கம் போகல மனுஷன். செத்த பிறகு பிடிச்சு வாசல்ல மாட்டப் போறீங்களா? எழுது."

"உன் நீல உடை?"

"உடைக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கும்."

மார்ச் 21

அத்தியாயத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வொலானின் தொலைபேசியில் அழைத்தார்.

"டாக்டரம்மா, இது தேவையா? ஃபெடரேஷன் காதுக்குப் போனா முதல் டிவிஷனைப் பறிச்சிடுவாங்க."

"நீங்கள் இப்போது மூன்றாவது டிவிஷனில் இருக்கிறீர்கள்."

அதை யோசித்திருக்கவில்லை போல. கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்றார்.

"அத்தியாயத்தை வெட்டினால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்," என்றேன்.

ஏப்ரல் 18

கமிட்டி முடிவு: சர்ச்சைக்கு இடமில்லாத பெயர். ஹாலுக்கு 'வொலானின் டைல்ஸ் அரங்கம்' என்று வைக்கிறார்கள். வாக்கெடுப்பின்போது தலைவர் நாகரிகமாக வெளியே போய் நின்றாராம்.

அத்தியாயம் அப்படியே இருக்கிறது. கமிட்டியில் அதைப் படித்தவர் வொலானின் ஒருவர்தான். ஹால் பெயர் தீர்ந்ததும் அவருக்கும் வரலாற்றில் அக்கறை போய்விட்டது.

ஜூன் 8, சனி

புத்தக வெளியீடு, அரங்கத்தில். மேயர் ஹேண்ட்பாலைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். கோல் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

பிறகு மேசையில் புத்தகம் விற்றோம். லுட்விக் என் பக்கத்தில், டை கட்டிக்கொண்டு, கன்னத்தில் சவரக் கீறலோடு. முதலில் வந்தவர் ஆலைக் குடியிருப்புக்காரர், எழுபதைத் தாண்டியவர். மேட்ச் பக்கத்தைப் பிரித்து லுட்விக்கின் முன் வைத்தார். "இதுல கையெழுத்துப் போடுங்க."

லுட்விக் பேனாவை எடுத்தார், வைத்தார், என் பக்கம் குனிந்தார்.

"எந்தப் பேரைப் போட, மவளே?"

"உங்கள் பேரைத்தான்."

பேனா அசையவில்லை. வரிசையில் அடுத்து நின்ற நீல உடைக்காரி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"போடுங்க லுட்விக்," என்றாள் அம்மா. "அடுத்தது நான்."