ஆண்டாயிக்கு ஒரு கோடிச் சேலை

14-6-1978, பெரம்பலூர்
மூன்றாம் வகுப்பில் நாற்பத்தாறு பேர். பெஞ்சு போதவில்லை. புதிதாக வந்த டீச்சர் சாப்பாட்டு வேளையில், வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டாள். ரெட்டிபாளையத்தில், சுண்ணாம்புக்கல் குவாரியில் என்றேன். பொய்யில்லை. அங்கே ஆண்டாயி என்பவளோடு அவர் குடும்பம் நடத்தி ஒன்பது வருஷம் ஆகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. தாலியையும் பொட்டையும் பார்த்துவிட்டு அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

19-6
பள்ளிக்கூட வாசலில் அண்ணன் வெள்ளைச்சாமி நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் இளையபெருமாள் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலியாம். அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், கையில் சாக்பீஸ்.

20-6
ஆண்டாயியின் வீட்டுக்குள் முதல்முறையாகப் போனேன். என்னைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். அவர் மீசை நரைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஆண்டாயியை வெளியே போகச் சொல்லிவிட்டார் நாத்தனார். அவள் வீட்டில், அவள் அடுப்புக்கு எதிரே நான். அவள் வேலியோரம் உட்கார்ந்து அழுதாள். வந்தவர்களெல்லாம் அவளைத் தாண்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

29-6
பதினாறாம் நாளுக்கு அண்ணன் கோடி எடுத்துவிட்டார். பிறந்த வீட்டிலிருந்து போடவேண்டிய வெள்ளைச் சேலை. வேண்டாம் என்றேன். ஒன்பது வருஷம் புருஷன் இருந்தும் இல்லாமல் இருந்தேனே, அப்போது யார் எனக்கு என்ன போட்டார்கள்?
அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். "ஊருக்குள்ள நான் தல நிமிந்து நடக்கணும்ல" என்றார்.

4-7
போட்டுவிட்டார்கள். தாலியைக் கழற்றினார்கள். நான் சும்மா இருந்தேன். ஏன் சும்மா இருந்தேன்?
ஆண்டாயி ஓரமாக நின்றிருந்தாள். தன் பொட்டை அழிக்கப் போனவளின் கையைப் பிடித்துத் தடுத்தார் நாத்தனார். "நீ எதுக்கு அழிக்கிற? ஒனக்கு யாரு தாலி கட்டுனா?"

6-7
வெள்ளைச் சேலையில் பள்ளிக்கு இரண்டாவது நாள். வகுப்பு சத்தமில்லாமல் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து எறிந்தேன். பிறகு நானே எடுத்து மடித்தேன்.

9-7
இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

12-7
மத்தியானம் ஆண்டாயி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். பொட்டை அழித்திருந்தாள், உடம்பில் பச்சைச் சேலை. தண்ணீர் கொடுத்தேன், நின்றபடியே குடித்தாள். அவளைக் கண்டால் கேட்கவேண்டும் என்று ஒன்பது வருஷமாக வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.
அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கோடி போட ஆளில்லை என்றாள். என்னுடையதைத் தருகிறேன், கட்டிக்கொள் என்றேன், எரிச்சலோடுதான்.
"நானா கட்டிக்கிட்டா அது வெறுஞ்சேலைங்க. யாராச்சும் போட்டாத்தான் அவரு எனக்குப் புருசன்."
"அதுக்கு நாந்தான் கெடச்சனா?"
"வேற யாரு போட்டாலும் ஒத்துக்க மாட்டாங்கக்கா."
அக்கா என்கிறாள். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

13-7
என்ன துணிச்சல் அவளுக்கு! அவரை எடுத்துக்கொண்டது போதாதென்று அவர் சாவையும் கேட்கிறாளே.
— ஆனால் அந்தச் சாவு என்னுடையதா? அழுதவள் அவள்தானே.

16-7, ஞாயிறு
நாளை ஆடி பிறக்கிறது. அரியலூரில் இறங்கிப் புதிதாக ஒரு வெள்ளைச் சேலை வாங்கினேன். ஒருத்திக்குப் போட்டதை இன்னொருத்திக்குப் போட மனம் வரவில்லை.
ரெட்டிபாளையத்தில் ஆண்டாயியை வாசலுக்குக் கூப்பிட்டு, தெரு பார்க்க அவள் தோளில் போட்டேன். அதே தெருவிலிருக்கும் நாத்தனார் ஓடிவந்தார்.
"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவ யாருன்னு போடுற?"
"என் தங்கச்சி. பொறந்த வூட்லேருந்து போடறேன்."
ஆண்டாயி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எதிர்வீட்டுக்காரி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் இன்னொருத்தி. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

17-7
நீலச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டை நீட்டினார். வகுப்பில் ஒரே கூச்சல். இரண்டு பேரைப் பெஞ்சு மேல் ஏற்றினேன்.

3-8
ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன் வரவில்லை. சொல்லி அனுப்பியும் வரவில்லை.

8-10
காலை பஸ்ஸில் ஆண்டாயி வந்தாள். கல் உடைக்கிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தாள். இருவரும் உட்கார்ந்து உருவினோம். தலை நிமிராமலே கேட்டாள்: "இங்க இருந்தப்பவும் அவரு தூக்கத்துல பேசுவாராக்கா?"
யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.
"பேசுவாரு" என்றேன்.
அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.